1993 ஆர்எக்ஸ்-7-க்கு 1999 முகம்: முன் பம்பரிலிருந்து பின் விங் வரை

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 வரிசையின் மூன்றாம் தலைமுறையான எஃப்டி3எஸ் 1991 கடைசியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2002 ஆகஸ்டில் உற்பத்தி நின்றது. இத்தனை வருடத்திலும் பானெட், ஃபெண்டர், கதவு, எழுந்து மடங்கும் ஹெட்லைட் எதற்கும் அச்சு மாறவில்லை. மாறியதெல்லாம் ஓரங்களில்தான். 1996 ஜனவரியில் வந்த சீரிஸ் 7 என்ற திருத்தப் பதிப்பில் பின் விளக்கு பக்கத்துக்கு மூன்று வட்டமானது. 1999 ஜனவரியில் வந்த சீரிஸ் 8-ல் முன் பம்பரின் வாய் அகலமானது, இண்டிகேட்டர் விளக்குகள் புது வடிவம் எடுத்தன, கோணம் மாற்றக்கூடிய விங் வந்தது. அமெரிக்காவுக்கோ 1993, 94, 95 மாடல்கள் மட்டுமே போயின. அங்கே விற்ற எஃப்டி எல்லாமே பழைய முகம். அதனால்தான் இந்த மாற்று வேலை அங்கே அதிகம் நடக்கிறது.

இந்தக் குறிப்புகள் 1993 அமெரிக்க டூரிங் மாடல் ஒன்றில் முடிந்த வேலையைப் பற்றியவை. முன்பக்கத்தில் தகடு வெட்டும் வேலையோ வெல்டிங்கோ கிடையாது. இன்ஜின் பக்கம் போகவில்லை. 255 குதிரைத்திறன் அப்படியே இருக்கிறது. ஜப்பானில் சீரிஸ் 8-ன் மேல் மாடல்களுக்கு இருந்த 280, பம்பரோடு பார்சலில் வராது. ஆனால் இதை வெறும் அழகு வேலை என்று எண்ணி இறங்கினால், ஏற்கெனவே சூட்டுக்குப் பெயர்போன ரோட்டரி இன்ஜின் இன்னும் சூடாகும். பம்பர் என்பது இந்த வண்டியில் கூலிங் சிஸ்டத்தின் முதல் பாகம்.

பொருள் சேர்ப்பு

வாங்க வேண்டியவை: முன் பம்பர் உறை, அதன் கீழே வரும் லிப், இரண்டு காம்பினேஷன் விளக்குகள் (இண்டிகேட்டரும் பார்க்கிங் விளக்கும் சேர்ந்தவை), பம்பருக்குள் உட்காரும் காற்று டக்ட்கள், மேல் ஓரத்தையும் ஃபெண்டர் ஓரத்தையும் பிடிக்கும் பிராக்கெட்டுகள், பின் விளக்கு இரண்டு, அவற்றுக்கு நடுவில் வரும் கார்னிஷ் என்ற அலங்காரப் பட்டை, விங். பம்பரும் விளக்கும் எல்லாரும் வாங்குகிறார்கள். டக்ட்டையும் பிராக்கெட்டையும் விட்டுவிடுகிறார்கள். பிறகு அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கும்போது, மலிவாகக் கிடைத்தது என்று நினைத்த பம்பர் மலிவாக இருப்பதில்லை. பழைய பம்பர் வாங்கினால் விற்பவரிடம் உள்பக்கப் படம் கேளுங்கள். ஃபெண்டரோடு சேரும் இரு மூலைகளும், போல்ட் துளைகளைச் சுற்றியுள்ள காதுகளும் கிழியாமல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். முன்பக்கக் கீறல் பட்டியில் மறைந்துவிடும். கிழிந்த காதை ஒட்டினாலும் அது மறுபடி கிழியும்.

ஃபைபர் கிளாஸ் நகல்கள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம், பந்தய வண்டிக்கு அது போதும். ஆனால் நகலின் ஓரங்கள் நேராக இருக்காது, மூலைகள் ஃபெண்டருக்கு 5, 6 மிமீ உள்ளேயோ வெளியேயோ நிற்கும். அதைத் தேய்த்து, பட்டி வைத்து, மறுபடி தேய்த்துச் சரிக்கட்டும் கூலி, விலையில் மிச்சமான காசைத் தின்றுவிடும். இன்னொன்றும் உண்டு. 25 வருடம் கடந்த வண்டியை அமெரிக்காவுக்குள் அப்படியே இறக்குமதி செய்யலாம் என்பதால், அசல் 1999 எஃப்டிகள் 2024 முதல் அங்கே வந்து இறங்குகின்றன. அவற்றின் பக்கத்தில் நிறுத்தினால் நகல் பம்பர் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். ஆகவே இந்த வேலைக்கு அசல் பாலியூரித்தேன் உறைதான் எடுக்கப்பட்டது.

அனுப்பும் செலவில் பலருக்கும் அதிர்ச்சி காத்திருக்கிறது. உறையின் எடை சில கிலோதான். விமான கூரியர் நிறுவனங்களோ எடை, பெட்டியின் கன அளவு இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. 180 × 65 × 55 செமீ பெட்டி என்றால் 6,43,500 கன செமீ. அதை 5,000-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 129 கிலோவுக்குக் கட்டணம். கடல் வழியில் மற்றவர்களின் பொருட்களோடு சேர்த்து அனுப்பினால் வாரக்கணக்கில் தாமதம் ஆகும், ஆனால் பணம் நிற்கும். பம்பரை மடக்கி சின்னப் பெட்டியில் திணித்து அனுப்பும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். மடங்கிய இடத்தில் விழுந்த வளைவு ஹீட் கன்னால் ஓரளவுதான் நிமிரும்.

பழையதைக் கழற்றுதல்

கருவி அதிகம் வேண்டாம்: 10 நம்பர் சாக்கெட், நீள எக்ஸ்டென்ஷன், பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர், கிளிப் பிடுங்கும் கரண்டி, ஊடுருவும் எண்ணெய். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, முதலில் அடித்தட்டு, அடுத்து வீல் ஆர்ச் லைனரின் முன்பாதி, பிறகு ஃபெண்டர் ஓர நட்டுகள், கடைசியில் பானெட்டுக்குக் கீழுள்ள மேல்வரிசை என்று போனால் பம்பர் இழுக்காமலே கையில் வரும். ஃபெண்டர் ஓர நட்டுதான் தொல்லை. முப்பது வருடத் துருவில் இறுகிய எம்6 போல்ட்டைத் திருகினால் தலை முறியும். முந்தின இரவே எண்ணெய் அடித்துவிட்டு, கால் சுற்று இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். முறிந்தால் ஃபெண்டரைச் சூடாக்க வேண்டாம், பெயிண்ட் கொப்பளிக்கும். முறிந்த தண்டை நடுவில் துளைத்து எடுப்பதே வழி.

உறையைக் கழற்றியதும் உள்ளே அலுமினிய பீமும் அதன் முன்னால் நுரைக் கட்டையும் தெரியும். புது உறை நுரையில் இடிக்கும் இடங்கள் உண்டு. இடிக்கும் இடத்தில் சாக்பீஸ் தடவி, உறையை வைத்து எடுத்தால் தடம் விழும். அந்தத் தடத்தை மட்டும் ரொட்டி அறுக்கும் கத்தியால் சீவினால் போதும். பீமை வெட்டவே கூடாது. பீமை எடுத்துவிட்டு எடை குறைத்தோம் என்று பெருமைப்படும் வண்டிகள் நிறைய ஓடுகின்றன. மெதுவாக இடித்தாலும் அவற்றின் ரேடியேட்டர்தான் முதலில் போகும்.

பெயிண்டுக்கு முன் ஒரு முறை பொருத்திப் பார்த்தல்

இந்த வேலையின் உண்மையான பாதி இதுதான். பெயிண்ட் அடித்த பிறகு துளையை அகலப்படுத்தினால் விளிம்பிலிருந்து பெயிண்ட் உரியத் தொடங்கும். ஆகவே உறை, லிப், விளக்கு, டக்ட், அடித்தட்டு அனைத்தையும் பெயிண்ட் இல்லாமல் முழுசாக ஒரு முறை ஏற்றி, வண்டியைச் சமதளத்தில் சக்கரத்தின் மேல் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டில் நிற்கும்போது அளக்கும் இடைவெளியை நம்பாதீர்கள்.

வரிசை முக்கியம். முதலில் மேல்வரிசை போல்ட்டுகளை விரலால் மட்டும். அடுத்து இரு ஃபெண்டர் மூலைகள், அவையும் விரல் இறுக்கம். பிறகு பானெட்டை மூடி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி இடைவெளியைச் சீராக்க வேண்டும். இங்கே பானெட்டுக்கும் பம்பருக்கும் 5 மிமீ, ஃபெண்டருக்கும் பம்பருக்கும் 2 மிமீக்குக் குறைவு என்று இலக்கு வைக்கப்பட்டது. அளக்க வெர்னியர் தேவையில்லை. 2, 3, 5 மிமீ கனத்தில் பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி வைத்து இடையில் நுழைத்துப் பார்த்தால் வேலை வேகமாகும். முதல் பொருத்தத்தில் இடது மூலை ஃபெண்டரை விட 4 மிமீ வெளியே நின்றது. உறையைத் தேய்ப்பதற்கு முன் ஃபெண்டரின் முன் போல்ட்டைத் தளர்த்திப் பார்த்ததில், கோளாறு ஃபெண்டரில்தான் என்று தெரிந்தது. எப்போதோ பட்ட இடியில் அது உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது. பழைய பம்பரும் அதே திசையில் வளைந்து பழகிப்போனதால் வெளியே தெரியாமல் இருந்தது. போல்ட்டுக்குக் கீழே 1.5 மிமீ வாஷர் இரண்டு கொடுத்ததும் சரியானது. புது உறை பொருந்தவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வண்டியை.

வெயிலில் இடைவெளி சரிபார்க்க வேண்டாம். பாலியூரித்தேன் சூட்டில் நன்றாக விரியும். 1.7 மீட்டர் அகலத்துக்கு 30 டிகிரி சூடு ஏறினால் நீளத்தில் ஐந்து மிமீ வரை கூடலாம். குளிர்ந்த காலையில் எல்லா போல்ட்டையும் முழு இறுக்கத்தில் பூட்டினால், மதியம் உறை போக இடமில்லாமல் இரண்டு பிடிப்புகளுக்கு நடுவே அலை அலையாக உப்பும். மூலைத் துளைகளை நீள்வட்டமாக்கி, அகல வாஷர் போட்டு, எம்6 போல்ட்டை 7, 8 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்காமல் விட்டால் உறை வழுக்கிக்கொள்ளும்.

காற்று வழி

எஃப்டியின் மூக்கில் நுழையும் காற்று ரேடியேட்டர், இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது), ஆயில் கூலர் என்று பங்கு போட்டுப் போகிறது. டக்ட் அந்தப் பங்கைப் பிரிக்கிறது. அடித்தட்டு கீழே கசியாமல் தடுக்கிறது. புது பம்பரின் வாய் பெரிது என்பதால் தானாகவே குளிர்ச்சி கூடும் என்று நினைப்பது இயல்பு. வாயில் நுழைந்த காற்று ரேடியேட்டரின் பக்கவாட்டுச் சந்தில் நழுவிப் போனால் பெரிய வாயால் ஒரு பயனும் இல்லை. காற்றுக்குச் சுலபமான வழி இருந்தால் அது ரேடியேட்டரின் நெருக்கமான இழைகளுக்குள் போகாது.

பழைய டக்ட்டைப் புது பம்பரில் மாட்டிப் பார்த்தால் முன் விளிம்பில் இரண்டு விரல் நுழையும் சந்து நிற்கும். அதை டேப் ஒட்டி மூடுவது பலர் செய்யும் குறுக்கு வழி. மழை, கல், காற்றழுத்தம் மூன்றும் சேர்ந்து டேப்பை வாரங்களில் பிய்த்துவிடும். சீரிஸ் 8 டக்ட் கிடைக்காவிட்டால் 2 மிமீ ஏபிஎஸ் தகட்டை ஹீட் கன்னில் வளைத்து நீட்டிப்புச் செய்து, பாப் ரிவெட் அடித்து, ஓரத்தில் 20 மிமீ மூடிய-துளை நுரைப்பட்டை ஒட்டலாம். சாதாரண ஸ்பாஞ்சு வேண்டாம். அது தண்ணீரைக் குடித்து, கனத்துத் தொங்கும்.

டூரிங் மாடலில் ஆயில் கூலர் ஒரு பக்கம் மட்டும். ஆர்1 என்ற வேக ரக மாடலில் இரண்டு பக்கமும் இருக்கும். ஒன்று மட்டும் உள்ள வண்டியில், கூலர் இல்லாத மூலையின் திறப்பை உள்ளிருந்து கறுப்புத் தகட்டால் அடைக்க வேண்டும், அல்லது பிரேக்குக்குக் காற்றுக் குழாயாக மாற்ற வேண்டும். வலை மட்டும் போட்டுவிட்டால் அந்த வழியாகக் காற்று புகுந்து வீல் ஆர்ச்சில் வீணாகும்.

கசிவு பார்க்க எளிய வழி: இருட்டில் பம்பர் வாய்க்குள் வலுவான டார்ச்சை வைத்து, பானெட்டைத் திறந்து மேலிருந்தும், வண்டிக்கடியில் படுத்துக் கீழிருந்தும் பாருங்கள். ரேடியேட்டரைத் தாண்டி ஓரங்களில் எங்கெல்லாம் ஒளி தெரிகிறதோ அங்கெல்லாம் நுரைப்பட்டை வேண்டும். கடைசியில் அடித்தட்டு. பழைய அடித்தட்டின் முன் விளிம்புத் துளைகளைப் புது லிப்போடு ஒப்பிட்டு, சேராதவற்றைப் புதிதாகப் போட வேண்டும். உறை இறுதி நிலைக்கு வந்த பிறகே துளையிட வேண்டும்.

டேஷ்போர்டில் உள்ள வெப்ப முள்ளை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நடுவில் வந்து நின்றால் ஒரு பெரிய வெப்ப எல்லை முழுவதும் அது நகராது. நகரும்போது காலம் கடந்திருக்கும். மின்விசிறியும் சுமார் 105 டிகிரியில்தான் முதல் வேகத்தில் சுழலத் தொடங்கும். அதனால் தனி சென்சாரோடு எண் காட்டும் மீட்டர் ஒன்றை இந்த வேலைக்கு முன்பே மாட்டி, பழைய பம்பரோடு நெடுஞ்சாலையிலும் நெரிசலிலும் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு இல்லாமல் புது பம்பர் நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. நெடுஞ்சாலை ஓட்டத்தில் முன்பை விட 5 டிகிரி கூடினால் டக்ட்டில் எங்கோ கசிவு. நெரிசலில் மட்டும் கூடினால் விசிறியைப் பாருங்கள், பம்பரைக் குறை சொல்ல வேண்டாம்.

முன் விளக்கு ஒயரிங்

இந்த வண்டியின் பழைய விளக்கில் ஒரே பல்பில் இரண்டு இழை: 1157 வகை, இண்டிகேட்டருக்கு 27 வாட், பார்க்கிங்குக்கு 8 வாட். கைக்கு வந்த 1999 ஜோடியில் இண்டிகேட்டருக்கு 21 வாட் பல்பும், பார்க்கிங்குக்கு 5 வாட் பல்பும் தனித்தனி. எனவே பழைய மூன்று ஒயரில் இண்டிகேட்டர் ஒன்று, பார்க்கிங் ஒன்று என்று பிரித்து, எர்த் ஒயரை மட்டும் இரண்டு பல்புக்கும் சேர்க்க வேண்டும். புதிய ஃபியூஸோ ரிலேயோ வேண்டாம். ஒயர் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் டெஸ்ட் லேம்ப்பை வைத்து, பார்க்கிங் போட்டு ஒரு முறை, இண்டிகேட்டர் போட்டு ஒரு முறை பாருங்கள். இணைப்பை முறுக்கி டேப் சுற்றுவது கூடாது; அந்த இடம் நேராக மழைநீர் அடிக்கும் இடம். கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, கனெக்டரின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்ட வேண்டும். பழைய வண்டியின் கனெக்டரை வெட்டாமல், இடையில் ஒரு சிறு ஒயர் கட்டு செய்து மாட்டினால், என்றாவது பழைய முகத்துக்குத் திரும்ப நினைப்பவருக்கு உதவும்.

27 வாட்டிலிருந்து 21-க்குக் குறைந்தாலும் இண்டிகேட்டர் வேகம் மாறவில்லை. எல்இடி போட்டால் மாறும். அதற்காக 6 ஓம் ரெசிஸ்டர் போடுபவர்கள் கவனிக்க: 13.5 வோல்ட்டில் அது 30 வாட் சூட்டைக் கக்கும். பம்பர் உறையில் கட்டினால் உறை உருகும். பாடித் தகட்டில் திருகுங்கள், அல்லது எல்இடிக்கு ஏற்ற ஃபிளாஷர் யூனிட் வாங்குங்கள். இரண்டாவதே சரியான வழி.

சட்டப் பக்கமும் உண்டு. அமெரிக்க விதி முன் ஓரத்தில் ஆம்பர், பின் ஓரத்தில் சிவப்பு என்று பக்கவாட்டு மார்க்கர் விளக்குகளைக் கேட்கிறது. ஜப்பான் விதி கேட்பதில்லை என்பதால் ஜப்பான் விளக்கை அதற்கு நம்ப முடியாது. பம்பர் மூலையில் சிறிய ஆம்பர் மார்க்கர் ஒன்றைப் பதித்து பார்க்கிங் ஒயரோடு இணைப்பது சுலபம். அதற்கான துளையைப் பெயிண்டுக்கு முன்பே போட வேண்டும் என்பதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

நம்பர் பிளேட்டுக்கும் அதே கதை. ஜப்பான் பிளேட் 330 × 165 மிமீ, அமெரிக்க பிளேட் 305 × 152 மிமீ. துளை இடைவெளி சேராது. நடுவில் வைத்தால் பெரிதாக்கிய வாயை மறுபடி அடைத்த மாதிரியும் ஆகும். இழுவைக் கொக்கித் துளையில் திருகும் பிராக்கெட் வைத்து ஓரமாக மாட்டப்பட்டது.

பெயிண்ட்

மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதியை விழுங்கியது பெயிண்ட்தான். நிறம் மாண்டேகோ ப்ளூ. மைக்கா கலந்த நீலம் என்பதால் பார்க்கும் கோணத்துக்குக் கோணம் மாறும். அதனால் இரண்டு கட்டளைகள். ஒன்று, நிறம் அளப்பதற்கு முன் ஃபெண்டரை காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துப் பழைய வெளிறலை எடுத்துவிட வேண்டும். வண்டியின் அடையாளத் தகட்டில் உள்ள நிறக் குறியீட்டின்படி கலந்த பெயிண்ட், முப்பது வருட வெயில் பட்ட ஃபெண்டரோடு சேராது. மீட்டர் வைத்து அளந்து, அட்டையில் மூன்று விதமாகத் தெளித்து, பகல் வெளிச்சத்தில் ஃபெண்டரோடு ஒட்டிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு, பம்பரை வண்டியில் இருக்கும் அதே நிலையில் ஸ்டாண்டில் நிறுத்தி அடிக்க வேண்டும். தரையில் மல்லாக்கப் போட்டு அடித்தால் மைக்கா துகள் வேறு விதமாகப் படியும். ஒரே டப்பா பெயிண்டாக இருந்தாலும் நிறம் வேறாகத் தெரியும்.

பழைய உறையில் முதலில் வெந்நீரும் சோப்பும், பிறகு பிளாஸ்டிக்குக்கான கிளீனர். மெழுகும் சிலிக்கானும் போகாமல் தேய்த்தால் தாள் அவற்றை உள்ளே தள்ளிவிடும், பெயிண்டில் மீன்கண் குழிகள் விழும். கல் பட்ட குழிகளுக்கு வளையக்கூடிய பம்பர் பட்டி மட்டும். சாதாரண பாடி பட்டி உறை வளையும்போது வெடிக்கும். 320 நம்பர் தாள், வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடத்தில் ஒட்டு ப்ரைமர், மேலே ஃப்ளெக்ஸ் (பெயிண்ட் வளைந்துகொடுக்கச் சேர்க்கும் திரவம்) சேர்த்த 2கே ப்ரைமர் (ஹார்டனர் கலந்து அடிப்பது) இரண்டு கோட், ஆறியதும் 600 நம்பரில் தண்ணீர் தேய்ப்பு. பிறகு நிறம் மூன்று மெல்லிய கோட், கிளியர் இரண்டு கோட். ஃப்ளெக்ஸ் அளவைப் பெயிண்ட் தயாரிப்பாளரின் தாள் சொல்வதற்கு மேல் ஊற்றினால் கிளியர் இறுகவே இறுகாது, நகம் பட்டால் தடம் விழும். விங், கார்னிஷ், பம்பர் மூன்றுக்கும் நிறம் அரை லிட்டருக்கு மேல் ஆகவில்லை. இருந்தாலும் ஒரே கலவையில் ஒரு லிட்டர் வாங்கி வைக்கப்பட்டது. அடுத்த கல்லடிக்கு அது உதவும். ஓவனில் சூடேற்றும் கடையாக இருந்தால், உறை தொங்காதபடி நடுவிலும் முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு ஃபெண்டரின் முன்பாதியிலும் நிறத்தைக் கரைத்து ஓடவிட்டு, கிளியரை ஃபெண்டர் முழுக்க அடிப்பது கூடுதல் செலவு. மைக்கா நிறத்துக்கு அதைத் தவிர்க்க வழியில்லை.

பின்பக்கம்

பின் விளக்கைக் கழற்ற, டிக்கிக்குள் டிரிம்மை எடுத்து நட்டுகளை அவிழ்த்தால் போதும். ஆனால் விளக்கு வராது, பியூட்டைல் பசை பிடித்திருக்கும். ஹேர் டிரையரோ ஹீட் கன்னோ வைத்து மெதுவாகச் சூடேற்றி, உள்ளிருந்து ஸ்டட்டை சீராகத் தள்ள வேண்டும். நெம்பினால் லென்ஸ் விரியும். பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, புது விளக்குக்கு 8 மிமீ பியூட்டைல் நாடாவை முறியாமல் ஒரே சுற்றாக ஒட்ட வேண்டும். நாடாவின் இரண்டு முனையும் சேரும் இடம் கீழ்ப்பக்கம் வரட்டும். பழைய பசையையே மறுபடி நம்பியவர்களின் எஃப்டியில், பின் இருக்கை இடத்திலுள்ள பெட்டிகளில் தண்ணீர் தேங்குவது வழக்கம். மாட்டியதும் ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, உள்ளே டிஷ்யூ தாள் வைத்துப் பார்த்த பிறகே டிரிம்மை மூடவேண்டும்.

ஒவ்வொரு பல்பும் எதற்கு எரிகிறது என்று பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ், பார்க்கிங் வரிசையில் ஒருவர் மிதிக்க, ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். எர்த் சரியாக இல்லாவிட்டால் பிரேக் மிதிக்கும்போது பார்க்கிங் மங்கும். அப்போது பல்பை மாற்றாதீர்கள், எர்த் இணைப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

விங்குக்குத் துளையிடுமுன் பழையதன் அடித்தடத்தையும் புதியதன் அடித்தடத்தையும் காகிதத்தில் வரைந்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். சேராத துளைக்கு முதலில் 3 மிமீ, பிறகு தேவையான அளவு, பிசிறு நீக்கி, வெறும் உலோகத்தில் ஜிங்க் ப்ரைமர். மூட வேண்டிய பழைய துளை விங்கின் காலுக்கடியில் மறைந்தால் ரப்பர் கிரோமெட் போதும். வெளியே தெரிந்தால் டிங்கரிங் கடைக்குத்தான் போக வேண்டும். பழைய விங்கிலேயே மூன்றாவது பிரேக் லைட் இருந்த வண்டியானால், புது விங்கோடு அதற்கும் இடம் பார்க்க வேண்டும். 1986 மாடலிலிருந்து அமெரிக்காவில் கார்களுக்கு அது கட்டாயம். எடை கூடியதால் ஹாட்ச்சை (பின்கதவை) தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் பழசாக இருந்தால் தலையில் வந்து விழும்; ஜோடியாக மாற்றுங்கள்.

சக்கரம் மாற்றுபவர்களுக்குச் சுருக்கமாக: சீரிஸ் 8-ன் மேல் மாடலான டைப் ஆர்எஸ்ஸில் வந்தது 17 அங்குலம், முன் 8 அங்குல அகலத்தில் 235/45, பின் 8.5-ல் 255/40. போல்ட் அமைப்பு 5 × 114.3 எல்லா எஃப்டிக்கும் பொது. 16 அங்குலத்திலிருந்து மாறினால் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி லைனர் உரசுகிறதா என்று பாருங்கள். லைனரின் முன் விளிம்பு கிளிப் ஒன்று விட்டுப்போயிருந்தால் முதல் திருப்பத்திலேயே டயர் அதைப் பிய்க்கும்.

அடுத்த வண்டிக்கு

இதே வேலையை இன்னொரு எஃப்டியில் செய்வதானால் சில மாற்றங்கள் இருக்கும். பம்பருக்கு முன் டக்ட்களை வாங்க வேண்டும், கிடைக்க அரிதானது அதுதான். புது கிளிப்களை இரண்டு மடங்கு வாங்க வேண்டும். பழைய கிளிப்பில் பாதி கழற்றும்போதே உடைகிறது. லிப்பை பம்பரோடு சேர்த்து அடிக்காமல் தனியாகப் பெயிண்ட் செய்ய வேண்டும். வேகத்தடையில் முதலில் உரசுவது அது, தனியாக இருந்தால் அதை மட்டும் கழற்றி மறுபடி அடிக்கலாம். பம்பரின் வாய்க்குப் பின்னால், ரேடியேட்டருக்கு ஒரு சாண் முன்னால், 6 மிமீ கண்ணுள்ள கறுப்பு அலுமினிய வலை ஒன்றைப் பெயிண்டுக்கு முன்பே அளந்து வெட்ட வேண்டும். பெரிய வாயில் பெரிய கல்லும் புகும், இன்டர்கூலர் இழை நசுங்கிய பிறகு சீப்பு வைத்து நிமிர்த்துவது அலுப்பான வேலை. வலையை உறையில் திருகாமல் பீமில் உள்ள பிராக்கெட்டில் பிடித்தால் உறை விரிவதையும் தடுக்காது, கழற்றிக் கழுவவும் வசதி.

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு மேல்வரிசை போல்ட்டுகளையும் அடித்தட்டையும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். அடித்தட்டில் இரண்டு போல்ட் தளர்ந்திருந்தது; லாக் வாஷர் போட்டு இறுக்கியதும் நெடுஞ்சாலையில் கேட்ட படபடப்பு நின்றது.